மேற்குக் கண்ணில் கசிந்தது

ஸ்கூட்டரின் பெட்ரோல் டாங்க் மூடியைத் திருகும்போது ‘உஸ்’ என்று ஒரு சின்னப் பெருமூச்சு வருமே, அதன் பின்னாலேயே அந்த வாசனை வரும். எதிர்வீட்டுக்காரர் தினமும் காலையில் மூடியைத் திறந்து, வண்டியை இடுப்பால் ஆட்டி, உள்ளே எவ்வளவு சலசலக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பார். அந்த வாசனை பிடிக்கும் என்கிறவர்கள் நிறையப் பேர். நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்வார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னலைச் சாத்துகிறேன். சாத்தின ஜன்னலுக்கு இந்தப் பக்கம், எனக்குள்ளே, இருபது வருஷத்துக்கு மேலாக மூடிவைத்த ஒரு கிணறு வாயைத் திறக்கிறது.

திண்டிவனம். மெட்ராஸ் ரோட்டை ஒட்டின தெரு. நயா பைசாவைப் புதுக்காசு என்று சொல்வதை ஊர் அப்போதுதான் விட்டிருந்தது. வீட்டில் மூன்று பேர்: மாமியார், அவருடைய ஒரே மகனான என் கணவர், நான். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்கு மேற்கே ஒரு துண்டு புறம்போக்கு, எருக்கஞ்செடி மண்டிக் கிடக்கும். அதைத் தாண்டினால் பெட்ரோல் பங்க். என் கணவருக்கு அங்கேதான் வேலை. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, பம்பின் தலையில் இருக்கிற கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் வெளிர்சிவப்பாக ஏறும். பார்க்க அழகாக இருக்கும், பன்னீர் போல. தினமும் காலையில் முதல் வேலையாக, தரைக்கடியில் புதைத்த டாங்க்குக்குள் ஒரு நீளமான பித்தளைக் கம்பியை இறக்கி, எதுவரைக்கும் நனைந்திருக்கிறது என்று பார்த்து, சுவரில் சாக்கட்டியால் எழுதிவைக்க வேண்டும். அதுவும் அவர்தான்.

நான் விழுப்புரத்துக்காரி. ரயில் ஷெட்டுக்குப் பின்னால் பிறந்தவள். கரிப்புகையில் உலர்ந்த துணியை உடுத்தி வளர்ந்தவளுக்கு மூக்கு மிஞ்சியதே பெரிது. கல்யாணமான மறு சித்திரையில், வயிற்றில் மூன்று மாசம் ஆனபோது, அந்த மூக்கு திடீரென்று விழித்துக்கொண்டது. வெங்காயம் குத்தியது. தலையணை குத்தியது. பக்கத்துத் தெருவில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வறுத்தால் எனக்கு இங்கே தெரியும். அந்த வரிசையில்தான் ஒரு நாள் சொம்புத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனவள் கீழே வைத்துவிட்டேன்.

“தண்ணி நாறுது அத்தை.”

“உனக்கு எதுதாண்டி நாறல? நேத்து ரசம் நாறுச்சு. முந்தாநாளு எம்புள்ள நாறனான்.”

“பெட்ரோல் நாத்தம் அத்தை.”

“அவன் சொக்கா கொடியில தொங்குது, அதான். மசக்கைக்காரி மூக்க நம்பி சமைச்சா உலையே வெக்க முடியாது.”

தெருவே சிரித்தது. எங்கள் தெருவில் பதினோரு வீடு. மற்றக் கிணறுகள் எல்லாம் உப்பு. எங்கள் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். காலையில் குடத்தோடு வருகிற பெண்கள் எல்லாருக்கும் என் மூக்கு ஒரு வேடிக்கை ஆகிவிட்டது. “இன்னாம்மா, இன்னிக்கு இன்னா நாறுது?” என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றை இழுப்பார்கள். மசக்கை என்ற ஒரு வார்த்தை போதும், பெண் சொல்வதைக் காற்றோடு அனுப்பிவிடலாம். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிரசவம் ஆனால் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன்.

வைகாசியில் ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்த கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தது போதும், கூழாகிவிட்டது.

“டாங்க் எறங்குது,” என்றார், தட்டைப் பார்த்து. “விக்கறது ஒண்ணு, எறங்கறது ஒண்ணு. கம்பி பொய் சொல்லாது. பங்க் முதலாளி என்னையேதான் சந்தேகமாப் பாக்கறாரு.”

அத்தை வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். “உன்ன இன்னாத்துக்குப் பாக்கறாரு?”

“கம்பிய எறக்கறவன் நான், சுத்தறவன் நான், சாவி என் இடுப்புல. வேற யாரப் பாப்பாரு? ‘டாங்க் இன்னா கள்ளுப் பானையா, ஆவியாப் போவ?’ன்னு கேக்கறாரு. அடுத்த லாரி வந்து ரொப்பறதுக்குள்ள நானா ஒத்துக்கினா அவரோட போயிடுமாம். இல்லன்னா ஸ்டேஷன்ல போய் சொல்லிக்கோன்றாரு.”

லாரி வர ஒரு வாரம் இருந்தது.

அப்போது நான் செய்ததை எழுதாமல் இதையெல்லாம் எழுதிப் பயனில்லை. அத்தை உள்ளே போனதும், மோரை ஊற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, மிக அன்பாகத்தான் கேட்டேன். “எடுத்தீங்களா?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மோர் வழிந்துகொண்டிருந்தது. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். பிறகு என்னோடு பேச்சு இல்லை. என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைக்கூட அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “தண்ணி எடுத்துக் குடுக்கச் சொல்லு.”

அந்தத் தண்ணீரைத்தான் நான் பின்தொடர்ந்தேன். செய்வதற்கு வேறு என்ன இருந்தது? வீடு முழுக்கக் கோபம், நடுவில் ஒரு வாசனை. முதலில் கொடியில் இருந்த சட்டையை எடுத்து மோந்தேன். அதற்கு ஒரு வாசனை, வியர்வையும் எண்ணெயும் கலந்தது. சமையலறைக் குடத்துக்கு இன்னொன்று, கூர்மையானது, ஊசி போல. குளிக்கிற தொட்டி. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டி. எல்லாவற்றிலும் அதே ஊசி. நேரே கிணற்றுக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்தேன். உச்சி வெயில் நேராக உள்ளே இறங்கியிருந்தது. கோடைத் தண்ணீர் ஆழத்தில் ஒரு தட்டளவு. அதன் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஏதோ மெல்லச் சுழன்றது. பச்சை, ஊதா, தங்கம். அவ்வளவு அழகான கெட்ட செய்தியை நான் பார்த்ததில்லை.

அத்தையை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். வாளியில் மொண்டு ஒரு வாய் வைத்துப் பார்த்தார். துப்பினார். மறுபடி வைத்துப் பார்த்தார். துப்பவில்லை, விழுங்கிவிட்டார், அதிர்ச்சியில். என் மூக்கு ஜெயித்துவிட்டது என்று ஒரு கணம் நான் நிமிர்ந்திருப்பேன்.

“வாய மூடு,” என்றார் அத்தை. நான் வாயைத் திறக்கவே இல்லை. “யாருக்கும் தெரியக் கூடாது. அங்க டாங்க்குல கொறையுது, இங்க எங்கூட்டுக் கிணத்துல மெதக்குது. முதலாளி இன்னா சொல்லுவான்? திருடி எடுத்தாந்து கிணத்துல மறைச்சு வெச்சிருக்கான்னுதான சொல்லுவான்?”

அத்தை வேலையில் இறங்கினார். கிணற்றைப் பனையோலைப் பாயால் மூடினார். பாட்டில் பாட்டிலாகப் பினாயிலைச் சுற்றிலும் ஊற்றினார். குடத்தோடு வந்தவர்களிடம், “தூர் வாரப் போறோம், பத்து நாளு வேற எங்கனா பாத்துக்கங்க,” என்றார். அவர் கணக்கு எளிது. கிணற்றாளைக் கூப்பிட்டு, லாரி வருவதற்குள் இறைத்துக் கொட்டிவிட்டால் தடயம் இருக்காது. நான் வாயைத் திறந்தபோதெல்லாம் கண்ணால் அதட்டினார்.

கிணற்றாள் வந்த காலை, கணவரை முதலாளி கூப்பிட்டு அனுப்பியிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான். கிணற்றாளுக்கு ஐம்பது வயது இருக்கும். எங்கள் கிணற்றை வெட்டிய ஆட்களில் ஒருவர். கட்டை விரலில் எப்போதும் மூக்குப்பொடி. அத்தையை அக்கா என்பார். “இன்னாக்கா, ஆஸ்பத்திரி கணக்கா பினாயிலு நாத்தம்?” என்று கேட்டதோடு சரி. பொடி போட்ட மூக்குக்கு அதற்கு மேல் எட்டவில்லை. பாயைச் சுருட்டிப் போட்டார். கயிற்றை அவிழ்த்தார். பையிலிருந்து ஒரு அகல் விளக்கை எடுத்து, சின்னத் தகரக் கூண்டுக்குள் வைத்து, கயிற்று முனையில் கட்டினார். எண்ணெய் விட்டார். திரியை நிமிண்டினார்.

கிணற்றில் இறங்குகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். விளக்கை முதலில் இறக்குவார்கள். அடிவரைக்கும் எரிந்தால் காற்று நல்லது, ஆள் இறங்கலாம். அணைந்தால் விஷக்காற்று. தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் தீப்பெட்டியை எடுத்தபோதுதான், இந்தக் கிணற்றில் அந்தத் தீ என்ன செய்யும் என்று எனக்கு உறைத்தது.

“அண்ணா, விளக்கு வேணாம்.”

அத்தையின் விரல் என் மேல்கையைக் கிள்ளியது.

“வேணாமா?” அவர் சிரித்தார். “எங்க பெரிய அண்ணன் அப்படித்தாம்மா விளக்கு வேணாம்னு எறங்குச்சு, காணை கிராமத்துல. மேல இஸ்தப்ப தலை தொங்கிப் போச்சு. நான்தான் கயிறு புடிச்சிருந்தேன். அன்னியில இருந்து விளக்கு எறக்காத கிணத்துல நான் காலு வெக்கறது இல்ல.”

குச்சியைக் கிழித்தார். காற்று அணைத்தது. இரண்டாவது குச்சி.

கிள்ளல் ஆழமானது. சொன்னால் என் கணவர் திருடன். சொல்லாவிட்டால் இந்த மனிதர் நெருப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நீளம்தான். குச்சி பற்றியது. திரியில் ஒட்டியது. கூண்டைத் தூக்கிக் கிணற்று வாய்க்கு நேரே கொண்டுபோனார்.

நான் பாய்ந்து கூண்டை அவர் கையிலிருந்து பிடுங்கி, முற்றத்தின் அந்தக் கோடிக்கு வீசினேன். உள்ளங்கை பொரிந்தது. தழும்பு இருக்கிறது. அதை யாரிடமும் காட்டுவதில்லை.

“உள்ள பெட்ரோல் இருக்குது!”

“இன்னா?”

“பெட்ரோலு! விளக்கு அணையாது அண்ணா. கிணறே எரியும்.”

அத்தை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கிணற்றாளுக்கு வந்தது கோபம். “மசக்கைப் பொண்ணு எதனா சொல்லும்னு சொன்னாங்க, கைய சுட்டுக்கும்னு சொல்லல. பெட்ரோல் ஊறறதுக்கு இது இன்னா கிணறா, பங்க்கா?”

வாதாட எனக்குப் பொறுமை இல்லை. தண்ணீர் இறைக்கிற பனையோலைப் பட்டையை மெல்ல இறக்கி, பாலில் ஆடை எடுக்கிற மாதிரி மேலாக மொண்டேன். ஒரு கொட்டாங்கச்சியில் கொஞ்சம் ஊற்றினேன். தோட்டத்தின் கடைசிக்கு, எருக்குழி தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, “இப்ப நீங்க கிழிங்க, தூரத்துல இருந்து போடுங்க,” என்றேன். அவர் அலட்சியமாகக் குச்சியைக் கிழித்து எறிந்தார். குச்சி கொட்டாங்கச்சியைத் தொடக்கூட இல்லை. ‘பொப்’ என்று ஆள் உயரத்துக்கு எழுந்தது. வேலியில் காய்ந்த கொடி சுருண்டது.

அவர் இரண்டடி பின்னால் போனார். பிறகு மடியிலிருந்து தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் எடுத்து, அத்தையின் கையில் கொடுத்தார். “இத நீ வெச்சுக்கோ அக்கா. நான் காலுல வுழுந்து கேட்டாலும் குடுக்காத.”

அத்தை அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டே அழுதார். “வெளிய சொல்லிடாதப்பா. எம்புள்ள எடுக்கல.”

“எடுத்தானா எடுக்கலையான்னு பாக்க நான் இன்னா போலீசா? எனக்கு வேண்டியது ஒண்ணுதான். இது எந்தப் பக்கத்துல இருந்து வருது?”

அந்தக் கேள்விதான் எங்கள் இருவருக்கும் தோன்றாமல் இருந்தது. மேலேயிருந்து ஊற்றியிருந்தால் மேலே கறை இருக்க வேண்டும். மண்ணுக்குள்ளேயிருந்து வந்தால் ஊற்றுக்கண் காட்டிக்கொடுக்கும். இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். விளக்கில்லாமல் எப்படி இறங்குவது?

“கோழி இருக்குதா?” என்றார்.

“என் கோழிதான் கெடச்சுதா உனக்கு?” என்ற அத்தை, தானே போய்ப் பிடித்து வந்தார். கூடையில் வைத்துக் கட்டி இறக்கினோம். ஐம்பது எண்ணி இழுத்தோம். கோழி கழுத்தைத் தொங்கப்போட்டுக் குடிகாரன் மாதிரி வந்தது. தண்ணீர் தெளித்ததும் எழுந்து, எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, நேராகச் சுவரில் போய் முட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் கணவர் திரும்பி வந்தார். முகம் வெந்திருந்தது. அவர் இல்லாத நேரத்தில் வீட்டில் என்னவெல்லாம் உடைந்துவிட்டது என்பதை அத்தை மூன்று வாக்கியத்தில் சொன்னார். அவர் கிணற்றில் குனிந்தார். அவர் மூக்கும் பெட்ரோலில் செத்த மூக்குதான், ஆனால் கண் இருந்தது. நிமிர்ந்து, நான்கு நாளில் முதல்முறையாக, என்னிடம் நேராகப் பேசினார்.

“இரும்பு வாளி தொடாத. கல்லுல ஒரசினா பொறி வரும். அடுப்ப அணைச்சிட்டியா?”

“அணைச்சிட்டேங்க.”

அந்த ஒரு பேச்சில் எனக்குக் கை எரிச்சல் மறந்துபோனது. எண்ணெய் ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக மல்லாட்டைத் தோலைக் கொண்டுவந்து உள்ளே கொட்டினார். தோல் மிதந்து, குடித்து, கருத்தது. கூடையில் அள்ளி எடுத்தோம். மேலாக மொண்ட பெட்ரோலைக் காலியான கிருஷ்ணாயில் டின்களில் ஊற்றி, ஈரச்சாக்கால் மூடித் தோட்டத்துக் கோடியில் வைத்தோம். வேப்பங்கிளைகளைப் பெரிய கட்டாகக் கட்டி, கிணற்றுக்குள் இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, உள்ளே இருந்த காற்றைக் கலைத்தோம். இரண்டு நாள் இதே வேலை. மூன்றாம் நாள் காலை கோழி தெளிவாக மேலே வந்து கொக்கரித்தது.

கிணற்றாள் இடுப்பில் கயிற்றோடு இறங்கினார். கணவர் கயிற்றைப் பிடித்தார். நான் எண்ணினேன். பத்து எண்ணுக்கு ஒரு முறை உள்ளேயிருந்து குரல் வர வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு முறை பதினைந்து வரை வரவில்லை. கணவரின் கழுத்து நரம்பு எழுந்ததைப் பார்த்தேன். இருபதில் குரல் வந்தது. “இஸ்துடாத! இருக்கறேன்!”

மேலே வந்தவர் கண்ணெல்லாம் சிவந்து, முள்வேலி ஓரம் போய் வாந்தி எடுத்தார். மூடிய கையை எங்கள் முன்னால் திறந்தார். ஒரு பிடி களிமண். நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். மண்ணுக்கு நான் பார்த்திராத நிறம்.

“கெழக்கால கண்ணு சுத்தம். தெக்கால கண்ணு சுத்தம். மேற்கால கண்ணுல ஒழுவுது. கண்ணீர் கணக்கா.”

மேற்கே எருக்கங்காடு. அதற்கு அப்பால் பங்க்.

அந்த மண்ணை வாழையிலையில் மடித்துக் கணவர் எடுத்துப் போனார். திரும்பும்போது முதலாளியும் வந்தார், விரலிடுக்கில் சிகரெட்டோடு. வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர் என்று பேர் எடுத்தவர். தெருவும் பின்னாலேயே வந்தது. ஐந்து நாளாக உப்புத் தண்ணீர் குடித்த தெரு.

“நல்லா ஜோடிச்சிருக்கீங்க,” என்றார் முதலாளி. “ஊத்தனவன் இவன். பாத்தவன் நீங்க கூட்டியாந்த ஆளு. நான் நம்பணும்.”

கிணற்றாள் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தார். “நடுவால தோண்டிப் பாத்துடலாம் சாமி. எடத்த நீ காட்டு. உன் காலு எங்க நிக்குதோ அங்கயே தோண்டறேன். அதுல இந்தப் பையன் எப்படி ஊத்தியிருப்பான்?”

முதலாளி எருக்கஞ்செடிகளுக்குள் நடந்தார். வேண்டுமென்றே கோணலாக, வடக்கே ஒதுங்கி, ஒரு இடத்தில் குதிகாலை ஊன்றினார். தோண்டினார்கள். முழங்கால், இடுப்பு, மார்பு. செம்மண், சுக்கான் கல், அப்புறம் களி. ஒன்றும் இல்லை. கணவர் எதையும் பார்க்காமல் நின்றார். முதலாளி புகையை விட்டபடி குழியின் விளிம்புக்கு வந்து குனிந்தார்.

கிணற்றாள் சட்டென்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்தார். “அந்த சிகரெட்ட தூரக் கடாசிட்டு வாங்க. அப்பறம் தோண்டறேன்.”

“இங்கதான் ஒண்ணும் இல்லியே?”

“இல்லன்னா நீங்களே எறங்குங்க, வாயில அத்தோட.”

தெரு சிரிக்கவில்லை. முதலாளி சிகரெட்டை ரோட்டோரம் கொண்டுபோய் மிதித்தார். இன்னும் இரண்டு அடி. மண்வெட்டி புரட்டிய கட்டி நீலமாக வந்தது. வாசனை அடித்தது. இந்த முறை எல்லா மூக்குக்கும். குடம் சுமந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். குழியின் அடியில் மெல்ல ஈரம் ஊறி, ஒரு கை அகலத்துக்குத் தேங்கி, மயில் கழுத்து நிறம் காட்டியது.

முதலாளி ஒரு கட்டியை வாங்கி மோந்தார். விரலைத் தேய்த்தார். மறுபடி மோந்தார். அவர் கண் எங்கள் தோட்டத்துக் கோடிக்குப் போனது. ஈரச்சாக்குக்கு அடியில் இருந்த டின்களைப் பார்த்தார்.

“அதெல்லாம் இன்னா?”

“கிணத்துல மொண்டதுங்க,” என்றார் கணவர்.

“பங்க்குக்கு எடுத்தாந்து வையி. பேஜாரு புடிச்ச வேலை. நம்ம சரக்கு வீணாவக் கூடாது.”

அத்தை அதுவரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அங்கேயிருந்தே குரல் கொடுத்தார். “இன்னா சாமி சொன்ன?”

“டின்ன எடுத்தாரச் சொன்னேன்.”

“அதுக்குப் பின்னாடி சொன்னது. யாரு சரக்குன்னு சொன்ன? இங்க இத்தினி பேரு நிக்கறாங்க, காதுல வுழல. இன்னொரு தபா சொல்லு.”

அவர் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெரு கேட்டுவிட்டது. முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எருக்கஞ்செடிகளின் வழியாகவே திரும்பிப் போனார்.

மறுநாள் டாங்க்கைத் தோண்டினார்கள். மேலே இழுத்துப் புரட்டினபோது, அடிவயிற்றில் துரு தின்ற ஒரு ஓட்டை. ஒரு மல்லாட்டைப் பயறு நுழையும், அவ்வளவுதான். லாரி சொன்ன நாளில் வந்தது. டிரைவர் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, “டாங்க்கு எங்கய்யா? எங்க ஊத்த?” என்று கேட்டுவிட்டு வந்த வழியே போனார்.

கெட்ட மண்ணை வண்டி வண்டியாக ஏற்றி, வறண்டு கிடந்த ஏரியின் மேட்டுப்பக்கம் பரப்பினார்கள். வெயிலில் காயவிட்டு, ஏர் பூட்டிப் புரட்டி, மறுபடி காயவிட்டு. விதைக்காத உழவு. கிணற்றாள் இன்னொரு யோசனையும் சொன்னார். எங்கள் கிணற்றுக்கும் பங்க்குக்கும் நடுவில், முதலாளி குதிகால் ஊன்றிய குழியையே ஆழப்படுத்திக் கல் அடுக்கினார். வருவது முதலில் அதில் விழும், அங்கேயே மொண்டுவிடலாம் என்றார். தினமும் காலையில் கணவர் வேலைக்குப் போகும்முன் அதை மேலாக இறைத்தார்.

ஆமாம், வேலைக்குப் போனார். புது டாங்க் வந்ததும் முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், ஒன்றுமே நடக்காத மாதிரி. மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை, பாதிச் சொல்கூட. “நாளைக்குக் காலையில கம்பி எறக்கிடு,” என்றாராம். இவர் இறக்கினார். எனக்கு வயிறு எரிந்தது. பங்க்கில் வண்டி நிறுத்துகிறவர்களில் சிலர், “இன்னாபா, வூட்டுக் கிணத்துல இருந்தே அடிச்சுக் குடுப்பியா?” என்று கேட்பார்களாம். சிரித்துக்கொண்டே சுற்றுவாராம். என்னிடம் அவர் பேசினார், முன்பு போலவே எல்லாம் பேசினார். ஆனால் நான் பரிமாறும்போது தட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டார். நான் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை. நானும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் அத்தைக்கு ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. விடிந்ததும் ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டுவார். தன் நாக்கை அவர் நம்புவதில்லை. மசக்கைக்காரி மூக்குக்கு மரியாதை வந்துவிட்டது. “இன்னிக்கு?” என்பார். “ஊசி” என்பேன் சில நாள். வாசனை மெலிந்திருந்தால் “நூல்” என்பேன் சில நாள். ஆவணியில் ஒரு காலை எவ்வளவு இழுத்தும் ஒன்றும் வரவில்லை. ஈயம் பூசின சொம்பின் வாசனை மட்டும். தெருவில் குடங்கள் திரும்ப வரத் தொடங்கின. ஐப்பசி மழை வந்தது. கிணற்றில் தண்ணீர் ஏறியது. ஏறின தண்ணீரோடு ஊசியும் திரும்பி வந்தது. குடங்கள் நின்றன.

“மண்ணு குடிச்சத மண்ணுதான் கக்கணும்,” என்றார் கிணற்றாள், மழையில் நனைந்துகொண்டு. “ரெண்டு மூணு மழைக் காலம் ஆவும்க்கா. எறைச்சுக்கினே இருக்கணும்.”

அந்த மழையில்தான் ஒன்பதாம் மாசத்தில் நான் விழுப்புரத்துக்குக் கிளம்பினேன். அம்மா வந்து கூட்டிப்போனாள். திண்டிவனம் ஸ்டேஷனில் பாசஞ்சர் வந்து நின்றபோது, தூறல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா உள்ளே மூட்டைகளை அடுக்கினாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் கீழே, குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்தபடி நின்றார். கையில் பெட்ரோல் வாசனை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஜன்னல் கம்பிக்கு முகத்தைக் கொடுத்தேன்.

“உங்கள ஒண்ணு கேட்டேன் அன்னிக்கு,” என்றேன்.

“வுடு.”

“நான் கேட்டிருக்கக் கூடாதுங்க.”

“வுடுன்றேன்ல. மழை வுழுது, உள்ள தள்ளி குந்து.”

கார்டு விசில் ஊதினார். எனக்கு அவசரம் வந்தது. இவ்வளவு மாசம் தேக்கிவைத்தது ஒரே மூச்சில் வந்தது. “அந்த ஆளுகிட்ட இனிமே போவாதீங்க. வேற எங்கனா பாருங்க. விழுப்புரத்துல எங்கப்பாகிட்ட சொல்லி ஷெட்டுல ஏதாவது பாக்கறேன். உங்கள அந்தப் பேச்சு பேசினவன்கிட்ட போய் எதுக்கு நிக்கணும்?”

வண்டி ஒரு தரம் பின்னால் உதைத்தது. பிறகு நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார். இத்தனை மாசத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். கம்பியைப் பிடித்திருந்த என் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டே நடந்தார். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் கையை எடுத்தார்.

“இப்ப வேலைய வுட்டு நின்னுட்டா, நான் எடுத்தவன்னு ஆயிடாதா?” என்றார்.